காலனிக் கிணற்றின் நிறம்

கிணறு அளக்க ஆள் வேண்டும் என்று புதுவாயல் டீக்கடையில் கேள்விப்பட்டபோது, நான் கம்பி உருட்டும் மில்லை விட்டு நின்று கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எந்த இடத்திலும் எனக்கு இரண்டாவது தீபாவளி வந்ததில்லை. பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்தவன். ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒருநாள் திருத்தணி பேருந்து வந்து நின்றது, ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு கோழிப்பண்ணை, செங்கல் சூளை, பழவேற்காட்டில் ஒரு முஸ்லிம் பாய் வைத்திருந்த மீன் கடையில் இறால் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலை, தண்ணீர் லாரியில் கிளீனர், கடைசியாக மில். மில்லில் கால் கட்டைவிரல் நகம் போனது. அதற்கு மில்லைக் குறை சொல்ல முடியாது. ரப்பர் செருப்போடு நின்றேன்.

கிணறு அளக்கும் வேலையைக் கொடுத்தவர் ஒரு பெண். நிலத்தடி நீரைப் பற்றிப் படித்தவர். தெற்கே எங்கிருந்தோ வந்து திருவள்ளூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருடையதும் ஒப்பந்த வேலைதான். எல்லோரும் மேடம் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட வயதில் சிறியவர், என்னை அண்ணே என்றார். என் படிப்பை அவர் கேட்கவில்லை. "கிணத்த எட்டிப் பாத்தா தலை சுத்துமா?" என்று மட்டும் கேட்டார். சுற்றாது என்றேன். வேலை கிடைத்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு ஊரிலும் திறந்த கிணறுகளைத் தேடிப் போக வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் எங்கள் கணக்கில் இல்லை, அவை பாறைக்குள் இருக்கிற வேறு தண்ணீரைக் குடிக்கின்றன. எங்களுக்கு வேண்டியது மண்ணுக்கு அடியில் முதலில் கிடைக்கிற தண்ணீர். அது எங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எங்கே நல்லது, எங்கே உப்பு. நுனியில் ஈயக் குண்டு கட்டிய நாடாவைக் கிணற்றுக்குள் விடுவேன். குண்டு தண்ணீரைத் தொட்டதும் மேலே சுருளில் இருக்கிற சின்ன மணி கீச்சென்று கத்தும். அங்கே நாடாவைப் பிடித்து அளவைச் சொல்வேன். அதிலிருந்து கிணற்றுச் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் கணக்கு தரையிலிருந்துதான். பிறகு ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, பேனா மாதிரி இருக்கிற மீட்டரை அதில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். மேடம் கைப்பேசியில் எல்லாவற்றையும் ஏற்றுவார். கிணறு நிற்கிற இடத்தைக் கைப்பேசியே வானத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும்.

போகிற இடத்தில் எல்லாம் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். மோட்டாருக்கு மீட்டர் வைக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சிலர் கிணறே இல்லை என்றார்கள், அவர்கள் நின்ற இடத்திலிருந்து கிணறு தெரிந்தது. ஆரணியாற்றுப் பக்கம் ஒரு விவசாயி, நான் நாடாவை விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மீனு பிடிக்கிறியா? புழுவு மாட்டாம வுட்டுக்கினு கீற" என்றார்.

மாலையில் புதுவாயல் டீக்கடையில் உட்கார்ந்து மேடம் மடிக்கணினியைத் திறப்பார். அன்றைக்கு நாங்கள் போன கிணறுகள் எல்லாம் வரைபடத்தில் புள்ளிகளாக நிற்கும். ஒரு பொத்தானை அழுத்துவார். புள்ளிகளுக்கு இடையில் வெறுமையாக இருந்த நிலம் முழுக்க நிறம் பரவும். நல்ல தண்ணீர் பச்சை, சுமார் மஞ்சள், கெட்டது சிவப்பு. நாங்கள் காலே வைக்காத வயலுக்கும் தெருவுக்கும் நிறம் வந்துவிடும். அது எப்படி என்று கேட்டேன்.

"பக்கத்துல இருக்கிற கிணறுகளைப் பாத்து அதுவா ஒரு கணக்குப் போடும் அண்ணே. கிட்ட இருக்கிற கிணத்து பேச்சு அதிகமா எடுபடும். தூரத்துக் கிணத்து பேச்சு கம்மியா."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மனிதர்களும் அப்படித்தான் அடுத்தவனைக் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தக் கடையில்தான் அக்காவை முதலில் பார்த்தேன். சிப்காட்டுக்குள் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. புதுவாயலிலிருந்து உள்ளே போகிற சாலையில், கம்பெனிகளின் பின்பக்கம் ஓடுகிற கால்வாய்க்கு ஓரமாக இருக்கிற காலனி அவருடையது. மேடத்தின் தோளுக்குப் பின்னால் நின்று நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"இதான அந்த மேப்பு? செவப்பா வந்தாத்தான் பைப்பு தருவாங்களாமே?"

யார் சொன்னது என்று மேடம் கேட்டார்.

"கலெக்டர் ஆபீஸ்ல. திங்கக்கெழமை திங்கக்கெழமை மனு குடுத்துக்கினு கீறேன். போன தபா ஒரு சார் சொன்னாரு, சர்வே நடக்குதும்மா, எங்கெங்க செவப்போ அங்கதான் மொதல்ல ஆத்துத் தண்ணி பைப்புன்னு. எங்க காலனிக்கு எப்ப வருவீங்க?"

அவருடைய காலனிக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவரே சொன்னார். புலம்பலாகச் சொல்லவில்லை, கேன்டீனில் பாத்திரக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். துவரம்பருப்பு வேகாது. சோறு வடித்தால் மஞ்சள். பால் ஊற்றினால் டீ திரியும். வெள்ளைத் துணி துவைத்தால் துருப்பிடித்த நிறம். பஞ்சாயத்து லாரி வாரத்தில் சில நாள் வரும், வராத நாளில் புதுவாயலிலிருந்து கேன் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். அவருடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், அதுவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீரால்தான் கெட்டது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

"பைப்பு வந்தா அந்த ஆட்டோ பேஜாரு இல்ல. அவ்ளோதான்" என்றார்.

அடுத்த வாரமே வருவதாக மேடம் சொன்னார். ஆடி மாதம் அது. "அடுத்த வாரம் வேணாம் மேடம். கூழு ஊத்தறோம். தெருவுல நிக்க எடம் இருக்காது. முடிஞ்சதும் வாங்க" என்று அக்காதான் சொன்னார்.

திருவிழா முடிந்த சூட்டோடு போனோம். வேப்பிலைத் தோரணம் இன்னும் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். காலனிக்கு நடுவில் அந்தக் கிணறு. செங்கல் சுவர், சுற்றி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் சிலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், வெள்ளை மீசைக்காரர், எங்களுக்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார்.

நாடாவை விட்டேன். விட்ட கொஞ்சத்திலேயே மணி கத்தியது. அந்தப் பக்கத்தில் அவ்வளவு மேலே தண்ணீர் நாங்கள் எங்கும் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரில் வேப்பிலை மிதந்தது. மேடம் மீட்டரை முக்கினார், எடுத்துத் துடைத்து மறுபடி முக்கினார். காலனிக்குப் பக்கத்தில் நாங்கள் முன்பே அளந்திருந்த ஏரிக்கரைக் கிணற்றைவிட நல்ல தண்ணீர்.

எனக்குப் பருப்பு ஞாபகம் வந்தது. "பருப்பு வேகாத தண்ணின்னு சொன்னாங்களே பெரியவரே" என்றேன்.

"யாரு சொன்னது?"

கேன்டீனில் வேலை செய்கிற அக்கா என்றேன்.

"பொம்பளைங்க பைப்புக்கு ஆசைப்பட்டுக்கினு ஆயிரம் சொல்லும்." அவர் வாளியில் கையை விட்டு ஒரு கை அள்ளி எங்கள் எதிரிலேயே குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். "இது எங்க அப்பனுங்க வெட்னது. ஊருக் கிணத்தாண்ட எங்களை வுடாத காலத்துல, கூலி வேலைக்குப் போய்ட்டு வந்து சாயங்காலத்துல வெட்னானுங்க. இந்தத் தண்ணிய எவனும் கொறை சொல்லக் கூடாது. எழுதிக்கமா."

மேடம் எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பு எப்போதோ ஆறு இந்தப் பக்கம் ஓடியிருக்கலாம், அந்தத் தடத்தில் மணல் கிடக்கும், மழைத் தண்ணீர் அந்த மணலில் தங்கி நல்ல தண்ணீராக நிற்கும் என்று பைக்கின் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். காற்றில் பாதிதான் எனக்குக் கேட்டது. அன்று மாலை பொத்தானை அழுத்தியபோது, கால்வாய் ஓரத்தில் கரும்பச்சையாக ஒரு வட்டம் வந்தது. அழகாகத்தான் இருந்தது.

வரைபடம் முடிந்து மேலே போனது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு திங்கட்கிழமை, மனு கொடுத்துவிட்டு அக்கா திருவள்ளூரில் எங்கள் ஆபீஸ் அறைக்கு வந்தார். பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. பை நிறையப் பணியாரம் வைத்திருந்தார், எங்களுக்கு. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றார்.

"எங்க காலனி எங்க கீது?"

மேடம் விரல் வைத்துக் காட்டினார்.

அக்கா அந்த விரலைப் பார்த்தார். சுற்றியிருந்த பச்சையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தப்பா காட்றீங்க மேடம். இது வேற ஊரு."

"இல்லக்கா, இதுதான். உங்க கிணத்துல தண்ணி ரொம்ப நல்லா இருந்துச்சு. நாங்களே அளந்தோம். ஆடித் திருவிழா முடிஞ்ச கையோட."

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று பிறகுதான் போனது.

"அது லாரித் தண்ணி" என்றார்.

பிறகு உட்கார்ந்து சொன்னார். அம்மனுக்குக் கரகம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் எடுக்க வேண்டும். அது அவர்கள் வெட்டிய கிணறு, வேறு தண்ணீரில் எடுத்தால் அம்மன் இறங்காது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. அதை எப்படி அம்மன் தலையில் வைப்பது? அதனால் சில வருடங்களாக, கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு வசூல் செய்து லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்துக் கிணற்றில் இறக்குகிறார்கள். மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, கற்பூரம் காட்டிவிட்டால் அது கிணற்றுத் தண்ணீர் ஆகிவிடும். அடியில் சேறு கட்டிப்போன கிணறு என்பதால் ஊற்றியது சட்டென்று இறங்குவதும் இல்லை. கற்பூரம் காட்டிய பிறகு அதை லாரித் தண்ணீர் என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது.

"அந்தப் பெரியவர் குடிச்சுக் காட்டினாரே" என்றேன்.

"குடிப்பாரு. அவருதான் பூசாரி."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெரியவர் மேல் கோபம் வரவில்லை. அவர் பொய் சொன்ன மாதிரியும் படவில்லை. வெளியிலிருந்து பேனாவும் மீட்டரும் எடுத்துக்கொண்டு வந்து, உன் தண்ணீர் கெட்டதா என்று கேட்டால், அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர் வேறு என்ன சொல்லியிருப்பார்? நாங்கள் கேட்டது தண்ணீரைப் பற்றி. அவர் காதில் விழுந்தது வேறு.

அக்கா கேட்டார்: "அந்தப் புள்ளிய அழிச்சிடுங்களேன். அழிச்சா செவப்பாய்டும் இல்ல?"

மேடம் மடிக்கணினியைத் திறந்து அழித்துக் காட்டினார். புள்ளி போனது. கரும்பச்சை கொஞ்சம் வெளுத்து இளம்பச்சையானது. அவ்வளவுதான். காலனிக்கு ஒரு பக்கம் ஏரிக்கரைக் கிணறு, இன்னொரு பக்கம் மேட்டில் ஊர்க்காரர் ஒருவருடைய மாந்தோப்புக் கிணறு. இரண்டிலும் நல்ல தண்ணீர். நடுவில் பள்ளத்தில் கால்வாயை ஒட்டிக் காலனி இருப்பது கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அந்த இரண்டு கிணறுகள்தான்.

"அங்க கெட்ட தண்ணின்னு அளந்த ஒரு கிணறு இருந்தாத்தான் நிறம் மாறும்கா. புள்ளி இல்லாத எடத்துக்குப் பக்கத்து ஊரோட நிறம்தான் வரும்."

அக்கா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயிலு தனி, சுடுகாடு தனி, டீ கிளாஸு தனின்னு இருந்தோம். இப்ப மேப்புல மட்டும் ஊரும் காலனியும் ஒண்ணாய்டுச்சா" என்றார். "நல்லா கீது."

மறுபடி அளக்கலாமே என்று நான் சொன்னேன். அளக்கலாம், ஆனால் மேலே போன வரைபடத்தைப் பூட்டிவிட்டார்கள், புதிய அளவைச் சேர்க்க அனுமதி வேண்டும் என்றார் மேடம். அன்றைக்கே எழுதினார். அனுமதி வந்தாலும் மழைக்காலத்து அளவு செல்லாது. மழையில் எல்லாக் கிணறும் நிரம்பி எல்லாத் தண்ணீரும் நல்லதாகத் தெரியும். கோடையில்தான் அளக்க வேண்டும். அக்கா கேட்டுக்கொண்டார். பணியாரப் பையை மேசை மேல் வைத்துவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போனார்.

பைப்பு சிவப்பு ஊர்களுக்குப் போனது. அது நியாயம்தான், அந்த ஊர்களின் தண்ணீரை நானே அளந்திருக்கிறேன். ஆனால் தை மாதத்தில் காலனிக்கு வந்துகொண்டிருந்த பஞ்சாயத்து லாரியும் நின்றது. அக்கா போன் செய்து சொன்னார். நான் பைக்கை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஆள் கெட்டவர் இல்லை, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"இருக்கறது ஒரு லாரி நைனா. எல்லா ஊரும் கேக்குது. மேப்புல அந்த எடம் நல்ல தண்ணின்னு போட்டுக்கீது. ஆடிட்டருங்க வந்தா நான் இன்னா பதில் சொல்றது?"

மேப்பு தப்பு என்றேன்.

"நீதான அளந்த?" என்றார்.

அதன் பிறகு அக்கா எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரே பதில்தான் வந்தது. உங்களிடம்தான் நல்ல கிணறு இருக்கிறதே அம்மா. கணினியில் தட்டிப் பார்த்து, திரையை அவர் பக்கம் திருப்பியே காட்டினார்கள். ஒரு அதிகாரி அந்தக் கிணற்றைத் தூர் வாரிச் சுற்றுச்சுவரை உயர்த்த ஏற்பாடு செய்வதாகச் சொன்னாராம். மனு கொடுத்தவரைச் சந்தோஷப்படுத்த நினைத்திருப்பார்.

மேடத்தின் ஒப்பந்தம் முடிந்தது. வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்துப் போனார். போகும்போது நாடாவையும் மீட்டரையும் ஆபீசில் ஒப்படைத்தார். நானும் கிளம்பினேன். திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கினேன், அங்கே இருமல் பிடித்தது, பிறகு ஒரு கோழித்தீவன லாரியில் சுற்றினேன். அக்கா எப்போதாவது போன் செய்வார். வீட்டுக்காரருக்கு இப்போது வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்கிறார்கள் என்றார். ஆட்டோக்காரர்கள் கேன் தண்ணீரை ஏற்ற மறுக்கிறார்கள், சீட்டு நனைகிறதாம் என்றார். மேப்பு என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். எழுதியிருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அது உண்மை.

அடுத்த கோடையின் முடிவில், ஆனி மாதம், மேடம் போன் செய்தார்.

"அண்ணே, அனுமதி வந்திருச்சு. அந்த ஒரு கிணத்துக்கு மட்டும். இந்த வாரத்துக்குள்ள அளந்து ஏத்தணும். என்னால வர முடியாது. நீங்க போறீங்களா?"

விட்டுவந்த இடத்துக்கு நான் திரும்பிப் போனதே கிடையாது. அன்றைக்குப் போனேன். திருவள்ளூர் ஆபீசில் நாடாவையும் மீட்டரையும் வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் அந்தச் செயலியை மறுபடி ஏற்றிக்கொண்டு, பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. மீட்டரில் பெரிய எண் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கெட்ட தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒருவன் கிணற்றுக்குப் போவது நல்லதா என்று தெரியவில்லை. வேண்டிக்கொண்டுதான் போனேன்.

காலனிக்குள் நுழைந்ததும் அக்காவே எதிரில் வந்தார். இரண்டாவது ஷிப்டு, கம்பெனி புடவை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் வந்த காரணத்தைச் சொல்வதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"வா நைனா, வா. நல்ல நேரத்துல வந்த. இத்தப் பாரு."

கிணறு இருந்த இடத்தில் கிணறு இல்லை. சுவரை இடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். தரைமட்டத்துக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்குக் கறுப்பும் சாம்பலுமாக மில் கசடு குவிந்திருந்தது. உருக்கிய இரும்பிலிருந்து ஒதுக்கித் தள்ளுகிற கசடு அது, நான் மில்லில் வாரிக் கொட்டியதுதான். எங்கே கொட்டுவது என்று லாரிகள் இடம் தேடிக்கொண்டு அலையும்.

"நான்தான் கொட்டச் சொன்னேன்" என்றார் அக்கா. "எங்க போனாலும் உனக்குக் கிணறு கீதே, கிணறு கீதேன்றான். கீறதாலதான கேக்கற? இனிமே எவனும் கேக்க முடியாது. கிணறே இல்ல. திங்கக்கெழமை போட்டோ எடுத்துக்கினு போய்க் கலெக்டராண்ட காட்டப் போறேன். பைப்பு குட்த்துத்தான ஆவணும்?"

நான் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"பெரியவரு இன்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கூடப் பேசறதில்ல. கரகத்துக்குத் தண்ணி எங்க எடுப்பன்னு கேட்டாரு. பைப்புல எடுக்கலாம்னேன். காரித் துப்பிட்டாரு." அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார். "நீ இன்னா திடீர்னு?"

சொன்னேன். சொல்லாமல் இருக்க வழி இல்லை, நாடா பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அனுமதி வந்துவிட்டதை, இந்தக் கிணற்றை அளந்தால் வரைபடத்தில் நிறம் மாறியிருக்கும் என்பதை, கிணறு இல்லை என்றால் பழைய அளவு அப்படியே நிற்கும் என்பதை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கசட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தோண்டினா?"

பக்கத்து வீட்டிலிருந்து அவரே கடப்பாரை கொண்டுவந்தார். நான் வாங்கிக் குத்தினேன். லாரிக்காரர்கள் தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஈரம் பட்டால் அந்தக் கசடு இறுகிவிடும். கடப்பாரை நுனி பட்ட இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தது. இன்னும் சில குத்து குத்தினேன். உள்ளங்கை விண்ணென்று தெறித்தது. அக்கா கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வுடு. நானும் மில்லாண்டதான் கீறேன். தெரியும்."

தெருக்கோடியைக் காட்டிக் கேட்டார்: "ஆழ்துளைக் கிணறு கீதே, கைப்பம்பு. அத்த அளக்கக் கூடாதா?"

"இந்தக் கணக்குல அது சேராதுக்கா."

"அந்த மேப்பு எவ்ளோ நாளைக்கு?"

"அடுத்த சர்வே வர்ற வரைக்கும்."

"அப்ப வந்தா எந்தக் கிணத்துல அளப்பாங்க?"

நான் மேட்டுப் பக்கம் பார்த்தேன். அவருக்கே தெரிந்துவிட்டது.

"மாந்தோப்புக் கிணத்துல" என்றார்.

சாலையில் கம்பெனி பஸ் ஒலி எழுப்பியது. அவர் கடப்பாரையை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தார். திறந்த கதவு வழியாகக் கட்டிலில் அவருடைய வீட்டுக்காரர் படுத்திருப்பது தெரிந்தது. தலைமாட்டில் கேன், அதன் மேல் கவிழ்த்து வைத்த சின்ன டம்ளர். அந்த டம்ளர் அளவுதான் அவருக்கு.

கைப்பேசியில் செயலியைத் திறந்தேன். வெறுங்கையோடு திரும்பினாலும் எதையாவது ஏற்ற வேண்டும். கிணறு வற்றியது, கிணறு பூட்டியிருக்கிறது, கிணறு மூடப்பட்டது என்று பட்டியல் இருந்தது. மூடப்பட்டது என்பதைத் தொட்டேன். படம் கேட்டது. கசட்டை மட்டும் எடுத்தால் அது வெறும் குப்பைமேடு மாதிரி இருந்தது.

"நான் நிக்கட்டுமா?" என்று கேட்டார் அக்கா. "ஆளு நின்னாத்தான் இங்க ஒரு ஊரு கீதுன்னு தெரியும்."

கசட்டின் ஓரத்தில் வந்து, சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்தேன். பஸ் மறுபடி ஒலி எழுப்பியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஜன்னலில் அவர் முகத்தைத் தேடினேன். உட்கார இடம் கிடைத்திருக்காது, நின்றிருப்பார்.

படம் மேலே ஏறும்வரை அங்கேயே நின்றேன். சிக்னல் குறைவு. ஏறி முடிந்ததும் திரையில் வரைபடம் வந்தது. புள்ளி இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதைச் சுற்றிப் பச்சை.